பதினைந்து தௌ

சத்தம் பிடிக்கவில்லை என்று போய் ஒரு வால்வையே கருக்கியவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் ஒரு பழைய அம்பாசடர். பானெட்டைத் திறந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல ஓயாமல் ‘டிக் டிக் டிக்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கர் மூடியைக் கழற்றி, எட்டு டாப்பெட் திருகுகளையும் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கிவிட்டேன். வண்டி பட்டுப்போல ஓடியது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். மேட்டில் இழுவை போய்விட்டது. சிக்னலில் நிற்கும்போது நாலில் ஒன்று அடிக்காமல் உதறியது. மதுரையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் விட்டோம். அங்கிருந்த மேஸ்திரி ஹெட்டைக் கழற்றி, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். எலி கடித்த முறுக்கு மாதிரி விளிம்பில் ஒரு துண்டைக் காணோம்.

“டாப்பெட்ட யாரு தொட்டது?”

“நான்தாண்ணே. சத்தம் வந்துச்சு.”

“சத்தம் போடுற டாப்பெட் ஒண்ணும் செய்யாது தம்பி. சத்தமே இல்லாம இருக்கு பாரு, அதுதான் வால்வத் தின்னும்.”

விசிறி மாதிரி விரியும் ஃபீலர் கேஜிலிருந்து ஒரு தகட்டைப் பிரித்துக் காட்டினார். அதில் 15 என்று பொறித்திருந்தது. லேத் பட்டறைகளில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் ‘தௌ’ என்று பெயர். பதினைந்து தௌ என்பது 0.38 மில்லிமீட்டர், ஐந்தாறு தலைமுடியை அடுக்கிய கனம். வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் அவ்வளவு காற்று இருந்தாக வேண்டும். நான் கேட்ட சத்தம் அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் மூடிக்கொள்ளும் சத்தம்.

வால்வு ஏன் எரிந்தது என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “உக்காரல, எரிஞ்சிருச்சு.” விரித்துச் சொன்னால் இப்படி. வண்டி வேகமாக ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸை எட்டி, இருட்டில் பார்த்தால் சிவந்து ஒளிரும் நிலைக்குப் போகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அது இறக்கிவைக்கும் இடம் ஒன்றுதான்: மூடியிருக்கும் நேரத்தில் தன் விளிம்பு உட்காரும் இருக்கை. அங்கிருந்து சூடு ஹெட்டுக்கும், ஹெட்டிலிருந்து தண்ணீருக்கும் போகிறது. வால்வும் சூட்டில் நீளும். நீள்வதற்கு இடம் விடாமல் நான் திருகை இறுக்கியதால், சூடேறிய வால்வு முழுதாக உட்காரவே இல்லை. மயிரிழை அளவு திறந்தே நின்றது. சூடு இறங்க வழியில்லை. போதாததற்கு, எரியும் வாயு அந்தக் கீற்று வழியாகக் காஸ் வெல்டிங் சுடரைப்போலப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறியது. மூன்று மாதம் தாங்கியதே பெரிது.

இன்ஜின் என்றால் இரும்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வடிவமைப்பவர் உண்மையில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதில். பராமரிப்பு என்று நாம் சொல்வதும், அவர் விட்ட இடத்தை அதே அளவில் காப்பாற்றிவரும் வேலைதான். எண்ணெய், தண்ணீர், போல்ட் முடுக்குவது எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

எங்கள் வண்டியில் இருந்தது பி-சீரிஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜின். ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், தன் பல கார்களுக்கு இதைப் பொருத்தியது. 1489 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கொள்ளளவு இன்ஜின்தான், இரண்டு கார்புரேட்டர்களோடு. வங்காளத்தின் உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடரில் அது கலெக்டரையும் கல்யாணக் கூட்டத்தையும் ஒரே நிதானத்தோடு சுமந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஆனால் ஒரு இன்ஜினின் உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

இதன் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சுமார் 89 மி.மீ. நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியொன்றும் பெரிய வேகமில்லை. கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 முறை சுற்றும். ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு நூறு முறை நின்று திரும்பும். நாலு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு நூறு முறை வெடிக்கும். வெடிப்பின் உச்சத்தில் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம். உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த உச்சம் நொடியின் மிகச் சிறு துண்டு நேரமே நீடிப்பதும், ஏறிய சூடு ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கு உடனுக்குடன் கடத்தப்படுவதும்.

உருகாவிட்டாலும் விரியும். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியக்கூடியது. 73 மி.மீ. அலுமினிய வட்டு 200 டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். அதைச் சுற்றியிருக்கும் இரும்புச் சிலிண்டர் தண்ணீரின் குளிர்ச்சியில் இருப்பதால் அதில் கால்வாசிகூட விரியாது. குளிரில் சிக்கெனப் பொருந்தும் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்களே, அதன் ஒரு வகை இது. சூட்டுக்கு இடம் விட்டுச் செய்தாலோ காலையில் கிளப்பும்போது தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோலக் கடகடக்கும். இந்தச் சங்கடத்துக்குக் கண்ட வழி அழகானது: பிஸ்டனை வட்டமாகச் செய்வதில்லை. நெருப்பைப் பார்க்கும் தலைப்பகுதி பாவாடைப் பகுதியைவிடக் குறுகல். பாவாடையும் துல்லியமான வட்டமில்லை, லேசான நீள்வட்டம். சூடேறி விரிந்த பிறகுதான் அது சிலிண்டருக்கு ஏற்ற உருவத்துக்கு வருகிறது. மேசை மேல் வைத்து வெறும் கண்ணால் பார்த்தால் இந்தக் கோணல் தெரியவே தெரியாது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

மிச்ச இடைவெளியை அடைப்பது ரிங்குகளின் பொறுப்பு. ரிங் முழு வளையமில்லை, ஓரிடத்தில் வெட்டுண்டது. 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் நீராவி இன்ஜினுக்காகக் கொண்டுவந்த யோசனை இது. வெட்டு இருப்பதால் ரிங் ஸ்பிரிங் மாதிரி விரிந்து சுவரைத் தொடும். அதைவிடப் பெரிய உதவி வாயுவிடமிருந்தே கிடைக்கிறது: ரிங்கின் பின்னாலுள்ள பள்ளத்துக்குள் புகுந்து அது ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. வெடிப்பு எவ்வளவு பலமோ அடைப்பும் அவ்வளவு பலம். ஆனால் வெட்டின் இரு முனைகளுக்கு நடுவில் பத்து தௌ வாக்கில் இடம் வேண்டும். புது ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே பிஸ்டனில் மாட்டும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். நல்லவர் அதை முதலில் வெறும் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனைக் கொண்டு நேராகத் தள்ளிவைத்து, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜை விட்டுப் பார்ப்பார். இடம் குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும். உடைந்த துண்டு சுவரை உழுதுவிடும்.

மேஸ்திரி அன்று செய்த இன்னொரு காரியமும் நினைவிருக்கிறது. சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தார். நகம் தட்டி நின்றது. ரிங் உரசும் பகுதி தேய்ந்து, உரசாத மேல்பகுதி படிக்கட்டுபோல நின்றுவிட்டிருந்தது. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேலே பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அந்தப் படியைச் சரிசெய்யாமல் புது ரிங்கை மட்டும் போட்டால், மேலேறும் ரிங் அதில் இடித்து நொறுங்கிவிடும். எங்கள் வண்டியில் தேய்மானம் கம்மி. இல்லையென்றால் இன்ஜினை இறக்கி, சிலிண்டரை இருபது தௌ பெரிதாகக் கடைந்து, இருபது சைஸ் பிஸ்டன் போட்டிருக்க வேண்டும். கடைந்த சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றிவிடவும் கூடாது. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல் போடுவார்கள். அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும்.

எண்ணெயைப் பற்றிப் பேச ஒரு ரயில் அச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

1880-களில் லண்டனில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து பொங்கி வெளியே வந்தது. தக்கையை வைத்து அடைத்தார். தக்கை பிதுங்கி வந்தது. மரக்கட்டையை அடித்தார். அதுவும் வந்துவிட்டது. கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்த, முள் அந்த மானியின் எல்லையையே தாண்டப் பார்த்தது. பேரிங்மேல் ஏற்றியிருந்த பாரத்தின் சராசரி அழுத்தத்தைவிட உள்ளே இருந்த எண்ணெயின் அழுத்தம் அதிகம். அதாவது இரும்பை இரும்பு தாங்கவில்லை. அச்சு எண்ணெய்மேல் மிதந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படி என்பதற்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். பாரம் ஏறிய அச்சு பேரிங்கின் நட்டநடுவில் இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி மறுபக்கம் ஆப்புபோலக் குறுகும். சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய எண்ணெயை இந்தக் குறுகலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. தேர்த்திருவிழாக் கூட்டம் அகலமான வீதியிலிருந்து சந்துக்குள் திரும்பினால் என்ன ஆகும்? நெருக்கும், தள்ளும், சுவரில் சாய்ந்தவர் விலா நோகும். அந்த நெருக்கல்தான் அச்சைத் தூக்கிப் பிடிக்கும் அழுத்தம்.

காரின் கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் இப்படித்தான் வாழ்கின்றன. இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கிராங்கைத் தூக்கிப் பிடிப்பது ஆயில் பம்ப் அல்ல. பம்ப் தருவது சதுர சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு கிலோ அழுத்தம். அது எண்ணெயைப் பந்திக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டும். வெடிப்பைத் தாங்கும் அழுத்தம் அதைப்போலப் பலமடங்கு. அதைச் சுழற்சியே உண்டாக்கிக்கொள்கிறது. படலம் மிக மெலியும் இடத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். பேரிங்கில் விடும் இடைவெளி ஒன்றிரண்டு தௌ. கூடினால் எண்ணெய் ஓரங்களில் ஒழுகி, நெருக்கல் உண்டாகாது. கீழிருந்து ‘டக் டக்’ என்று அடி கேட்கும். குறைந்தால் போதிய எண்ணெய் புகாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கனெக்டிங் ராடின் கீழ் மூடிகளில் எண் பொறித்திருப்பதும் இதற்காகத்தான். ராடையும் அதன் மூடியையும் ஒன்றாகப் பூட்டிவைத்துத்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றில் போட்டால் துளை வட்டமாக இருக்காது, இரண்டும் வீண்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ஆயில் மாற்றுவது சடங்காகத் தோன்றாது. ரிங் வெட்டுகள் வழியாகக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு ஆவியாகப் போனாலும் ஒரு துளி எண்ணெயில் சேரும். கூடவே அமிலம், கரி, எரியாத பெட்ரோல். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று மட்டும் பதற வேண்டாம். கரியைத் தன்னுள் மிதக்கவைத்துச் சுமப்பது நல்ல எண்ணெயின் வேலை, டீசல் வண்டியில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கவலைப்பட வேண்டியது டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறுவதற்கும், மூடியின் அடியில் மோர்போல வெளுத்த நுரை தங்குவதற்கும். முதலாவது பெட்ரோல் கலக்கிறது என்று காட்டும். இரண்டாவது தண்ணீர்.

தண்ணீர் நிறையக் கலந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான் காரணம். ஓர் இன்ஜினில் துளி இடைவெளியும் கூடாத இடங்களில் அது ஒன்று. வெடிப்பின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ என்று வைத்தால், 73 மி.மீ. சிலிண்டரில் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஒன்றரை டன்னைத் தாண்டும். இழுத்துப் பிடிப்பது போல்ட்டுகள். போல்ட்டை ஆணி மாதிரி நினைக்கக் கூடாது, அது விறைப்பான ஸ்பிரிங். முடுக்கும்போது அது நிஜமாகவே நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த முனைப்புதான் பிடி. டார்க் ரெஞ்ச் காட்டும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகவே கரைந்துபோகிறது. துருப்பிடித்த மரை இன்னும் கொஞ்சம் விழுங்கினால், ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும்போதும் போல்ட் நீண்டிருக்காது. மேஸ்திரி அரை நாள் கம்பிப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக மரை தேய்த்துக்கொண்டிருந்தது எனக்கு அன்று வெட்டி வேலையாகத் தெரிந்தது. பிறகு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், படிப்படியாக முடுக்கினார். ஓரத்திலிருந்து தொடங்கினால், மூலைகளை முதலில் ஆணியடித்த பாய் நடுவில் உப்பிக்கொள்வதுபோல ஆகும்.

நம்மூர்ப் பட்டறைகளோடு எனக்குத் தீராத ஒரு சண்டை உண்டு: தெர்மோஸ்டாட். ரேடியேட்டருக்குப் போகும் வழியில் உட்கார்ந்து, இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை மறிக்கும் சின்ன வால்வு அது. ‘இந்த வெயிலுக்கு இது எதுக்கு சார்’ என்று கழற்றி வீசிவிடுவார்கள். வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜின் தண்ணீர் 80, 90-ல் இருக்க வேண்டியது. குளிர்ந்த சுவரில் ஆவி தண்ணீராகப் படியும், அமிலத்தோடு சேர்ந்து அரிக்கும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் வழிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். பிஸ்டனும் தனக்குரிய உருவத்துக்கு விரியாது. இத்தனை தௌ என்று கணக்குப் போட்டவர் ஒரு குறிப்பிட்ட சூட்டை மனதில் வைத்துத்தான் போட்டார். உண்மையில் நம் வண்டிகளைக் கொதிக்கவைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் கெட்டிலின் அடியில் படிவதுபோலப் படிகிறது. கூலன்ட்டைச் சொன்ன அளவில் வாலைவடிநீரில் கலந்து ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அன்றைய மதியத்துக்கு வருகிறேன். புது வால்வைப் பொடி போட்டு இருக்கையோடு அரைத்து, ஹெட்டை ஏற்றியாகிவிட்டது. மிச்சம் டாப்பெட். வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்து உள்ளே போயிருந்தது. அது ஏன் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: பெட்ரோல். 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளைக்கு நஞ்சான ஈயம் போனது மிகவும் நல்லது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு இருக்கைகளுக்கு ஈயப் படிவு ஒரு மெத்தையாக இருந்துவந்தது. அது போனபின் வால்வு இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலேறும். ஏற ஏற டாப்பெட் இடைவெளி தானாகக் குறையும். தொடாமலே டாப்பெட் சத்தம் அடங்கிவருகிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது என்றார். (ஹைட்ராலிக் டாப்பெட் வைத்த இன்றைய இன்ஜின்களில் கதை தலைகீழ். அங்கே இடைவெளியை எண்ணெயே நிரப்பிக்கொள்ளும். சத்தம் வந்தால்தான் எண்ணெயைப் பார்க்க வேண்டும்.)

டாப்பெட் வைக்க, அந்த வால்வு முழுக்க மூடியிருக்க வேண்டும்; அதை அமுக்கும் கேமின் மேடு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கேம் உள்ளே மறைந்திருக்கிறதே, எப்படித் தெரியும்?

“ஒம்போது” என்றார் மேஸ்திரி.

புரியவில்லை.

“முன்னாலருந்து எண்ணு. எந்த வால்வு நல்லா அமுங்கித் தொறந்திருக்கோ, அத ஒம்போதுலருந்து கழி. மிச்சம் வர்ற வால்வ வையி.”

விசிறியைப் பிடித்து இன்ஜினைக் கையால் சுற்றினார். முதல் வால்வு அமுங்கியது, எட்டாவதை வைத்தார். மூன்று அமுங்கியது, ஆறு. ஐந்து அமுங்கியது, நான்கு. மந்திரம் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து தாளில் வரைந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்த இன்ஜின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கிறது. ஒன்றும் நான்கும் சேர்ந்து ஏறி இறங்கும், ஆனால் வேலையில் ஒரு முழுச் சுற்று தள்ளி நிற்கும். இரண்டும் மூன்றும் அப்படியே. கிராங்க் ஒரு சுற்று என்றால் கேம் அரைச் சுற்று. அதனால் ஒன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் முழுக்கத் திறக்கும் கணத்தில் நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கேம் சரியாக எதிர்ப்பக்கம் பார்க்கும். வால்வுகளை முன்னிருந்து பின்னாக எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், மறுபடி எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று இரு பக்கமும் ஒத்த வரிசையில் அடுக்கியிருப்பதால், ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்பது.

தகட்டை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது; வெண்ணெயில் கத்தி போவதுபோல லேசான பிடி. ஸ்க்ரூ டிரைவரால் திருகைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை முடுக்கி, மறுபடி அளந்தார். நட் முடுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகரும். ஏழாவது ராக்கரில் மட்டும் அவர் தகட்டை நம்பவில்லை. ராக்கரின் முனையை விரலால் தடவி, என் விரலையும் வைக்கச் சொன்னார். சின்னக் குழி. தட்டைத் தகடு அந்தக் குழியின்மேல் பாலம்போலக் கிடந்தது. அது பதினைந்து என்று சொன்னாலும் உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். சாணைக் கல்லில் முனையைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத் திரும்ப அளந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. முதலில் எக்ஸாஸ்டிலிருந்து வெள்ளைப் புகை, பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் சூடேறும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். அவர் ராக்கர் மூடிமேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார்.

டிக் டிக் டிக்.

“இது வேணும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.